ஸ்கைரிமில் புதிய நிலம் செய்தல்: ரீஜன் உருவாக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கைரிம் விளையாட்டுக்குப் புதிய நிலப்பரப்பு ஒன்றை உருவாக்க முற்படும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேயாக இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதை விட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்துள்ளேன். இங்குள்ளவை 2011இல் வெளியான மூலப் பதிப்புக்கும், 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கும், அவற்றுக்கு மோட்களை, அதாவது விளையாட்டில் சேர்க்கும் மாற்றங்களை, செய்ய உதவும் கிரியேஷன் கிட் கருவிக்கும் பொருந்தும். பதிப்புக்குப் பதிப்பு மாறும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன்.

1. ரீஜன் என்றால் என்ன? வரைபடத்தில் ஒரு கோடு போட்டு வளைத்தால் காடு தானாக வந்துவிடுமா?

ரீஜன் என்பது ஒரு வேர்ல்ட்ஸ்பேஸின், அதாவது விளையாட்டின் தனி நிலப்பரப்பு ஒன்றின், மேல் புள்ளிகளை இணைத்து நாம் வரையும் எல்லைக்கோடும், அந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் சில தகவல்களும் சேர்ந்த ஒரு பதிவு. வானிலை, சுற்றுப்புற ஒலி, வரைபடப் பெயர், தூவப்பட வேண்டிய மரம், பாறை, செடிகளின் பட்டியல் ஆகிய எல்லாம் அந்த ஒரே பதிவில் இருக்கின்றன. கோடு போட்டதும் காடு வராது. பட்டியலை நிரப்பி, உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால்தான் வரும்.

இந்தத் தகவல்கள் ஒரே பெட்டியில் கிடந்தாலும் இரண்டு வகைப்பட்டவை என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. வானிலையும் ஒலியும் விளையாட்டு ஓடும்போது வாசிக்கப்படுகின்றன. இன்று மாற்றினால் அடுத்த முறை விளையாட்டைத் திறக்கும்போது மாறியிருக்கும். பொருள்களின் பட்டியலோ நாம் கட்டளை கொடுக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே வாசிக்கப்படுகிறது. அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு மரமும், கையால் வைத்த மரத்தைப் போலவே, தனக்கென ஓர் இடமும் கோணமும் அளவும் கொண்ட தனிப் பதிவாகப் பிளகினுக்குள், அதாவது நம் மாற்றங்கள் சேமிக்கப்படும் கோப்புக்குள், அமர்ந்துவிடுகிறது. அதன்பின் விளையாட்டைப் பொறுத்தவரை அந்த மரத்துக்கும் ரீஜனுக்கும் தொடர்பில்லை. என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் எழுபவை.

2. எல்லோரும் செல், செல் என்கிறார்கள். ஒரு செல் எவ்வளவு பெரியது?

வெளிப்புற நிலம் சதுரச் செல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செல்லின் பக்கம் 4096 யூனிட். விளையாட்டின் 64 யூனிட்டை ஒரு கெஜமாகக் கொண்டால் ஒரு யூனிட் ஏறத்தாழ 1.43 செ.மீ.; எனவே ஒரு செல்லின் பக்கம் சுமார் 58.5 மீட்டர். செல்லின் நிலத்தில் 33 × 33 முனைகள், அதாவது உயரம் குறிக்கப்படும் புள்ளிகள், உள்ளன. அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே 128 யூனிட், அதாவது 1.83 மீட்டர். கடைசி வரிசை முனைகள் பக்கத்துச் செல்லின் முதல் வரிசை முனைகளோடு ஒரே இடத்தில் விழுகின்றன என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். 13ஆம் கேள்வியில் இது மீண்டும் வரும்.

விளையாடுபவரைச் சுற்றி இயல்பாக 5 × 5, அதாவது 25 செல்கள் மட்டுமே முழுமையாக ஏற்றப்படுகின்றன. அதற்கு அப்பால் தெரிவது எல்லாம் தொலைத்தோற்றம், அதாவது முன்கூட்டியே செய்துவைத்த எளிய வடிவங்கள். கிரியேஷன் கிட்டின் காட்சிச் சன்னலில் பி விசையை அழுத்தினால் செல் எல்லைகள் தெரியும். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் முழுவதும் அதை அணைக்காமல் வேலை செய்தால் நல்லது என்பேன்.

3. செங்குத்தான பாறைச் சுவரை நிலத்திலேயே இழுத்துச் செய்யப் பார்க்கிறேன், ஏன் முடியவில்லை?

நிலம் என்பது உயரங்களின் அட்டவணைதான். ஓர் இடத்துக்கு ஓர் உயரம் மட்டுமே இருக்க முடியும் என்பதால், குகை வாயோ துருத்தி நிற்கும் பாறையோ நிலத்தில் அமையவே முடியாது. செங்குத்துச் சுவருக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு முனையின் உயரமும் முந்தைய முனையிலிருந்து எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்ற வேறுபாடாக, ஒரே பைட்டில், 8 யூனிட் படிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஏற்றத்தின் உச்சம் 127 படிகள், அதாவது 1016 யூனிட். 128 யூனிட் தொலைவில் 1016 யூனிட் ஏறினால் சரிவு சுமார் 83 பாகை. அதைத் தாண்ட வழியில்லை.

அந்த அளவுக்குப் போவதும் வீண். சரிவு கூடக்கூட மேலே பூசிய டெக்ஸ்சர் (மண், புல்தரை போன்ற மேற்பரப்புப் படம்) இழுபட்டு அசிங்கமாகத் தெரியும். மூல விளையாட்டின் மலைமுகங்களைக் கூர்ந்து பார்த்தால், நிலம் ஓரளவு சரிவாக மட்டும் இருப்பதும், அதன்மேல் பாறை மெஷ்கள், அதாவது முப்பரிமாண வடிவங்கள், ஒன்றோடொன்று செருகி அடுக்கப்பட்டிருப்பதும் தெரியும்.

4. எந்த வேலையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது?

முதலில் உயரம், அடுத்து நீர்மட்டம், பின்னர் டெக்ஸ்சர் பூச்சு, அதன்பின் ரீஜன் உருவாக்கம், பிறகு கைவேலை, அதற்குப் பிறகு நேவ்மெஷ் (ஆட்கள் வழி காண உதவும் வலை), எல்லாவற்றுக்கும் கடைசியில் தொலைத்தோற்றம். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தியதன்மேல் நிற்பதால், பின்னால் போய் ஒன்றைத் திருத்தினால் அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டிவரும்.

உழவில் கைவிதைப்பும் உண்டு, நாற்று நடவும் உண்டு. ரீஜன் உருவாக்கம் கைவிதைப்பைப் போன்றது: பரப்பை விரைவாக மூடிவிடும், ஆனால் களைந்து சீர்செய்யும் வேலையை நம்மிடம் விட்டுவிடும். ஊர், பாதை, ஆற்றங்கரை போன்ற, ஆட்கள் நின்று பார்க்கும் இடங்களுக்கு நடவுதான் சரி. ஆகவே அந்த இடங்களை ரீஜன் எல்லைக்கு வெளியே விட்டு வரைவது பின்னால் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

5. ஹைட்மேப்பை வெளியில் செய்து கொண்டுவரலாமா? நீலகிரியின் உண்மையான உயரத் தரவைப் போட்டுப் பார்க்க ஆசை.

கொண்டுவரலாம். வேர்ல்டு மெஷின், எல்3டிடி, கையா போன்ற மென்பொருள்களில் ஹைட்மேப்பை, அதாவது உயரத்தைச் சாயல்களால் காட்டும் படத்தை, உருவாக்கி, டெஸ்ஆன்வின் என்ற கருவியால் பிளகினாக மாற்றுவது பலரும் பின்பற்றும் வழி. படம் கட்டாயம் 16 பிட்டாக இருக்க வேண்டும். 8 பிட் படத்தில் 256 சாயல்களே உள்ளன. 20,000 யூனிட் உயரமுள்ள மலையை அவற்றில் பங்கிட்டால் ஒவ்வொரு சாயலும் சுமார் 78 யூனிட், அதாவது ஒரு மீட்டருக்கும் மேலான படியாகிவிடும். மலைச்சரிவு கோயில் குளத்துப் படித்துறை போலத் தெரிவதாகச் சொல்பவர்கள் இந்தத் தவற்றையே செய்திருப்பார்கள்.

உண்மை நிலத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகக் கிடைக்கிறது; அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம் உண்டு. நமக்கு 1.83 மீட்டருக்கு ஒன்று தேவை. அப்படியே போட்டால் ஒரு செல்லின் பக்கத்துக்கு இரண்டு அளவுகளே கிடைக்கும். நிலம் வழவழப்பான மேடுபள்ளமாக, உயிரற்று இருக்கும். அதோடு 10 கி.மீ. பக்கமுள்ள நிலத்துக்குச் சுமார் 171 × 171, அதாவது ஏறக்குறைய 29,000 செல்கள் வேண்டும். எனவே கிடைமட்டத்தில் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, உயரத்தை அந்த அளவுக்குக் குறைக்காமல் விடுங்கள். உயரத்தை நான்கில் ஒன்றாக மட்டும் குறைத்தால் 20 பாகைச் சரிவு 42 பாகையாக மாறும். விளையாட்டில் நடந்துபோகும்போது கண்ணுக்கு அதுதான் மலையாகத் தெரியும். 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை முழு உயரத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டியதுதான்.

6. பொருள் பட்டியலில் எண்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. எவற்றை மாற்றினால் போதும்?

சரிவு வரம்பும் உயர வரம்பும் மிக முக்கியமானவை. சரிவு பாகையில் தரப்படுகிறது: பைன் மரத்துக்கு 0 முதல் 35 வரை, உருண்டைப் பாறைக்கு 25 முதல் 60 வரை என்று பிரித்துக்கொடுத்தாலே காட்சி பாதி இயல்பாகிவிடும். உயர வரம்பு யூனிட்டில், வேர்ல்ட்ஸ்பேஸின் சுழியிலிருந்து கணக்கிடப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து அன்று. மூல விளையாட்டின் கடல் மட்டமே −14,000இல் இருக்கிறது. ஆகவே கீழ் வரம்பைச் சுழியில் வைத்துவிட்டு, கரையோரத்தில் ஒரு செடிகூட வரவில்லையே என்று வியப்பவர்கள் பலர்.

அடுத்தது சிங்க், அதாவது பொருளை மண்ணுக்குள் எவ்வளவு புதைப்பது என்ற அளவு. சரிவில் நிற்கும் மரத்தின் அடிப்பகுதி பள்ளப் பக்கம் அந்தரத்தில் தெரிவதை இது மறைக்கும். சரிவுக்கு ஏற்பச் சாய்க்கும் தேர்வைப் பாறைக்கும் விழுந்த கட்டைக்கும் மட்டும் இடுங்கள். மரத்துக்கு இட்டால் காடு முழுவதும் புயலில் சாய்ந்தது போலாகிவிடும். சுழற்சியில் செங்குத்தான இசட் அச்சுக்கு முழு வட்டத்தையும் கொடுத்து, மற்ற இரண்டு அச்சுகளுக்கும் மிகச் சில பாகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

7. எல்லாம் சரியாகப் போட்டும் காடு, வரிசை கட்டி நட்ட தோப்பு மாதிரியே இருக்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒரே மரத்தை மட்டும் பட்டியலில் இட்டிருப்பீர்கள். அளவு வேறுபாட்டைச் சுழியில் விட்டிருப்பீர்கள். கொத்தாகச் சேர்வதைத் தீர்மானிக்கும் கிளஸ்டரிங் எண்ணைத் தொடாமல் இருந்திருப்பீர்கள். இயற்கைக் காட்டில் மரங்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. நெருக்கமும் வெற்றிடமும் மாறிமாறி வருகின்றன.

இவற்றைவிடப் பலன் தருவது தாய்–சேய் அமைப்பு. பட்டியலில் ஒரு பொருளின் கீழ் இன்னொன்றைச் சேர்த்தால், இரண்டாவது முதலாவதைச் சுற்றிக் குறிப்பிட்ட ஆரத்துக்குள் தூவப்படும். பெரிய மரத்தின் கீழ் இளங்கன்று, அதன் அடியில் காளான், அருகே விழுந்த கிளை என்று மூன்று அடுக்குகள் போதும். ரீஜன் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்; பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எல்லையோரத்தில் காடு கத்தியால் வெட்டியது போல முடிகிறது என்றால், எட்ஜ் ஃபால்ஆஃப் என்ற எண்ணைக் கூட்டினால் விளிம்பை நோக்கி அடர்த்தி மெல்லக் குறையும்.

8. டென்சிட்டி (தூவும் அடர்த்தி) எவ்வளவு வைக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. சராசரியாக 400 யூனிட்டுக்கு, அதாவது 5.7 மீட்டருக்கு ஒரு மரம் என்று கொண்டால், ஒரு செல்லில் சுமார் 105 மரங்கள் வரும். ஏற்றப்பட்ட 25 செல்களில் 2,600க்கு மேல். 1,000 செல்கள் கொண்ட நிலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இது மரம் மட்டும். 7ஆம் பதிலில் சொன்ன அடுக்குகளைச் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்காகும், ஒவ்வொன்றுக்கும் நிழலும் வரையப்பட வேண்டும். 32 பிட்டில் இயங்கும் மூலப் பதிப்பு, 64 பிட்டுக்கு மாறிய ஸ்பெஷல் எடிஷனைவிட மிக விரைவில் மூச்சுத்திணறும்.

ஒரு செல் அளவுக்குச் சோதனை ரீஜன் வரைந்து, உருவாக்கி, எண்ணிப் பார்த்து, 25ஆல் பெருக்குங்கள். திருப்தியான பிறகே முழு எல்லையையும் வரையுங்கள்.

9. ரீஜனில் புல் பக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். புல் முளைக்கவே இல்லை.

ஸ்கைரிமில் புல் நிலத்தின் டெக்ஸ்சரோடு கட்டப்பட்டது. ஒவ்வொரு நில டெக்ஸ்சர் பதிவுக்கும் சில புல் வகைகளை இணைக்கலாம். அந்த டெக்ஸ்சர் பூசப்பட்ட இடத்தில் விளையாட்டு ஓடும்போதே புல் முளைப்பிக்கப்படுகிறது. எனவே அது பிளகினில் தனிப் பதிவாக இடம் பிடிப்பதில்லை, 8ஆம் பதிலின் கணக்கிலும் வராது. தரையை நிரப்புவதற்குச் செடிகளைத் தூவுவதைவிட இது மலிவான வழி.

நான்கைந்து புல் வகைகளை இணைத்தும் இரண்டு மட்டுமே தெரிகின்றன என்றால், ஒரு டெக்ஸ்சருக்கு எத்தனை புல் வகை என்று ஐ.என்.ஐ. கோப்பில் (விளையாட்டின் அமைப்புகள் எழுதப்படும் கோப்பு) உள்ள அமைப்பின் இயல்பு மதிப்பு 2 என்பதே காரணம். அந்த அமைப்பின் பெயரில் ‘டெக்ஸ்சர்’ என்ற சொல் ஓர் எழுத்துக் குறைந்து, பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிழையோடுதான் நீங்களும் எழுத வேண்டும். திருத்தி எழுதினால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது.

10. ஓர் இடத்தில் மட்டும் புது டெக்ஸ்சர் பூச முடியவில்லை. இரண்டடி தள்ளிப் பூசினால் பிடிக்கிறது.

ஒவ்வொரு செல்லும் டெக்ஸ்சருக்காக நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கால்பகுதிக்கு அடிப்படை டெக்ஸ்சரையும் சேர்த்து ஆறுதான் உச்சம். அந்த ஆறும் நிரம்பிய கால்பகுதியில் ஏழாவது பிடிக்காது. கோட்டைத் தாண்டிய அடுத்த கால்பகுதியில் பிடிக்கும். எங்கோ ஒரு மூலையில் தெரியாமல் தடவிய சேற்றுத் தடம்கூட ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து நீக்குங்கள்.

11. இரண்டு ரீஜன்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் எது செல்லும்?

ஒவ்வொரு தகவல் வகைக்கும் தனித்தனியே முன்னுரிமை எண்ணும் ஓவர்ரைடு (மற்றதை மீறும்) தேர்வும் உண்டு. ஆகவே ஒரு ரீஜன் வானிலையில் வென்று, ஒலியில் தோற்கலாம். பெரிய காட்டு ரீஜனுக்குக் குறைந்த முன்னுரிமையையும், அதற்குள் வரும் சதுப்பு நிலத்துக்கு அதிக முன்னுரிமையோடு ஓவர்ரைடையும் கொடுப்பது வழக்கம்.

என் பரிந்துரை, வானிலைக்கான ரீஜனையும் பொருள்களுக்கான ரீஜனையும் தனித்தனியாகவே வரைய வேண்டும் என்பது. 1ஆம் பதிலில் சொன்னபடி முன்னது விளையாட்டில் தொடர்ந்து உயிரோடு இருக்கிறது. பின்னது ஒருமுறை பயன்பட்டு ஓய்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே எல்லைக்குள் கட்டிப்போட்டால், காட்டின் விளிம்பைத் திருத்தப்போய் மழையின் விளிம்பையும் நகர்த்திவிடுவீர்கள்.

12. மலையைக் கொஞ்சம் தாழ்த்தினேன். மரங்கள் எல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றன. ரீஜனை அழித்தாலும் மரங்கள் போகவில்லை.

உருவான ஒவ்வொரு மரமும் அப்போதைய நில உயரத்தைத் தன் பதிவில் எண்ணாகக் குறித்துக்கொண்டுவிட்டது. நிலம் பின்னர் இறங்கினாலும் அந்த எண் இறங்காது. ரீஜனை அழிப்பதும் அதன் டென்சிட்டியை மாற்றுவதும் பயன் தராததற்கும் காரணம் 1ஆம் பதிலிலேயே உள்ளது.

சில மரங்கள் என்றால் அவற்றைத் தேர்ந்து எஃப் விசையை அழுத்தலாம். அவை தரையில் வந்து அமரும். ஆனால் சிங்க் மூலம் புதைத்த ஆழம் போய்விடும் என்பதால், மீண்டும் சற்றுக் கீழே இறக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் என்றால், உருவாக்கத்துக்கு முன் எடுத்துவைத்த பிளகின் நகலுக்குத் திரும்புவதே நேரத்தை மிச்சப்படுத்தும். நகல் எடுக்காமல் ஒருமுறை ஆற்றின் போக்கை மாற்றிவிட்டு, மூன்று இரவுகள் மரங்களை ஒவ்வொன்றாக இறக்கியவன் நான். அன்றிலிருந்து உருவாக்கும் கட்டளைக்கு முன்பாக, எண் இட்ட ஒரு நகல் கட்டாயம். கைவேலையை வேறொரு பிளகினில் செய்வதும் நல்ல பழக்கம்; மறுபடி தூவ நேர்ந்தாலும் அது தொடப்படாமல் இருக்கும்.

13. இன்னொருவரின் மோட்டோடு சேர்த்து ஓட்டினால் நிலத்தில் பிளவு தெரிகிறது. உள்ளே வானம் தெரிகிறது!

ஒரே செல்லின் நிலத்தை இரண்டு பிளகின்கள் மாற்றினால், கடைசியாக ஏற்றப்படும் பிளகினின் பதிவு முழுவதும் வெல்லும். பாதி இதிலிருந்து, பாதி அதிலிருந்து என்று கலக்காது. 2ஆம் பதிலில் சொன்னபடி விளிம்பு முனைகள் இரண்டு செல்களுக்கும் பொதுவானவை. ஒரு செல் உங்களுடையதாகவும் பக்கத்துச் செல் அவருடையதாகவும் வந்தால், அந்த விளிம்பில் இரண்டு உயரங்கள் குறிக்கப்பட்டிருக்கும். இடைவெளிதான் நீங்கள் பார்க்கும் பிளவு. இரண்டையும் ஏற்றி, விளிம்பு முனைகளைக் கையால் இணைக்கும் ஒட்டுப் பிளகின் ஒன்றைச் செய்வதே தீர்வு.

இதோடு கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரு செல்லைத் தொடும் ரீஜன்களின் பட்டியல் அந்தச் செல்லின் பதிவிலேயே எழுதப்படுகிறது. மூல விளையாட்டின் நிலத்தில் புதிய ரீஜன் வரைந்தால், அது தொடும் எல்லாச் செல் பதிவுகளும் உங்கள் பிளகினுக்குள் வந்து, வேறொருவர் செய்த நீர், ஒளி மாற்றங்களை மறைத்துவிடலாம். பிளகின்களின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்எடிட் கருவியில் திறந்து பார்த்தால் இது உடனே தெரியும். சொந்த வேர்ல்ட்ஸ்பேஸில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

14. கிட்டே போனால் காடு இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டை மலை. என்ன செய்வது?

ஏற்றப்பட்ட 25 செல்களுக்கு அப்பால் தெரிவது முன்கூட்டியே செய்துவைத்த எளிய மெஷ்கள். நிலத்துக்கு 4, 8, 16, 32 செல் பக்கமுள்ள நான்கு நிலைகளில் அவற்றை உருவாக்க வேண்டும். நிலத்துக்கு எக்ஸ்லாட்ஜென்னும், மரம், பாறைகளுக்கு டின்டோலாடும் பரவலாகப் பயன்படுகின்றன. நீங்கள் தூவிய மரத்துக்குத் தொலைத்தோற்ற வடிவமோ, தட்டைப் படமோ இல்லையென்றால் அது தொலைவில் வராது. பட்டியலில் மரத்தைச் சேர்க்கும்போதே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

15. ஆட்கள் காட்டுக்குள் வராமல் ஓரத்திலேயே நிற்கிறார்கள்.

மனிதர்களும் விலங்குகளும் நேவ்மெஷ் எனும் முக்கோண வலையின் மேல்தான் வழி காண்கிறார்கள். ரீஜன் உருவாக்கம் அதைச் செய்துதருவதில்லை. தானாக உருவாக்கும் வசதியைத் தொடக்கத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு, மரத்தடிகளையும் பாறைகளையும் கையால் விலக்கிவிட்டு, ஒவ்வொரு செல்லையும் பைனலைஸ் செய்ய வேண்டும். அப்போதுதான் பக்கத்துச் செல்லின் வலையோடு இணைப்பு உண்டாகும். செல் எல்லையில் மட்டும் ஆட்கள் திகைத்து நின்றால் விடுபட்டது இந்தப் படிதான்.

16. பிளகின் வரிசையில் இடம் பிடிக்காமலிருக்க இதை ஈ.எஸ்.எல். ஆக்கிவிடலாமா?

முடியாது. ஈ.எஸ்.எல். எனும் இலகுப் பிளகின் வகையில் தொடக்கத்தில் 2,048 புதிய பதிவுகளுக்கே இடம் இருந்தது. 8ஆம் பதிலின் கணக்குப்படி இருபது செல் காட்டுக்கே அது போதாது. முழுப் பிளகின் ஒன்றில் 24 பிட் எண்கள், அதாவது 1,67,77,216 வரை உண்டு.

சாதாரணப் பிளகின் வகையான ஈ.எஸ்.பி.யாக விடுவதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே நேரத்தில் விளையாட்டு கையாளக்கூடிய பொருள்பதிவுகள் 10,48,576 மட்டுமே. மூல விளையாட்டும் மற்ற எல்லா மோட்களும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன. மாஸ்டர் கொடி (மற்ற பிளகின்கள் சார்ந்து நிற்கக்கூடிய மூலக் கோப்பு என்ற குறி) இட்ட பிளகினில் உள்ள தற்காலிகப் பதிவுகள் அவற்றின் செல் ஏற்றப்படும்போது மட்டுமே கணக்கில் வரும். கொடி இல்லாதபோது எல்லாமே தொடக்கத்திலேயே எண்ணப்பட்டுவிடும். லட்சம் மரங்கள் கொண்ட நிலத்துக்கு மாஸ்டர் கொடி கட்டாயம் என்று கொள்ளுங்கள்.

17. அப்படியானால் உலகத்தை எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்?

இடங்கள் 32 பிட் மிதவை எண்களாக (தசமப் புள்ளி நகரும் எண்களாக) கையாளப்படுவதால், சுழியிலிருந்து விலக விலகத் துல்லியம் குறையும். 64 செல் தொலைவில், அதாவது 2,62,144 யூனிட்டில், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி 1/32 யூனிட் ஆகிவிடும். தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் அதுவும் இரட்டிக்கும். அசைவும் மோதலும் நடுங்கத் தொடங்குவது இதனால்தான். எனவே நிலத்தின் நடுப்பகுதி (0, 0) செல்லில் விழுமாறு ஹைட்மேப்பை வையுங்கள்.

தனியாக வேலை செய்பவருக்கு அந்த எல்லை வருவதற்கு வெகு முன்பே கைவேலையின் எல்லை வந்துவிடும். முதல் முயற்சிக்கு 16 × 16 செல்கள், ஏறத்தாழ 940 மீட்டர் பக்கமுள்ள ஒரு பள்ளத்தாக்கு போதும். அதில் 256 செல்களுக்கு நேவ்மெஷ் இட்டு முடித்த பிறகு, அடுத்தது எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை நீங்களே சொல்வீர்கள்.